பசிபிக்குக்கு விறகு

பசிபிக் பெருங்கடல் ஸ்ரீவைகுண்டத்துக்கு ஒரு வியாழக்கிழமை காலையில் வந்து சேர்ந்தது. சென்னையிலிருந்து லாரியில், வைக்கோல் சுற்றி, 'கண்ணாடி, கவனம்' என்று நாலு பக்கமும் எழுதி வந்தது. கல்யாண மண்டபத்துப் படியில் இறக்கும்போது, பிடித்திருந்தவர்களில் ஒருவருக்குத் தும்மல் வந்தது. தொட்டியின் அமெரிக்கக் கரைப்பக்கம் படியில் இடித்து, அங்கிருந்து ஒரு விரிசல் புறப்பட்டு, ஜப்பான் வரைக்கும் ஓடிப் பிளந்தது.

திறப்பு விழாவுக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. மண்டபத்துச் சமையற்கட்டில் ரசம் வைக்கும் பித்தளை அண்டா ஒன்று கவிழ்ந்து கிடந்தது. மையத்தின் இயக்குநர் சங்கரசுப்பிரமணியன் அதைச் சுற்றி வந்து பார்த்தார். விரலால் தட்டிப் பார்த்தார்.

"பசிபிக்கும் ஏறக்குறைய வட்டமாத்தான இருக்கு. இதுல ஊத்துங்கவே" என்றார்.

1997-ஆம் வருஷத்து ஆடி மாதம் அது. உலகத்தின் மறுபக்கத்தில் கடல் வழக்கத்துக்கு மேல் சூடாகிவிட்டது என்று பேப்பர்களில் வந்துகொண்டிருந்தது. எல் நினோ என்று அந்தச் சூட்டுக்கு ஒரு பெயரும் இருந்தது. அது தாமிரபரணிப் பாசனத்தை என்ன செய்யும் என்று கண்காணிக்க ஒரு மையம் வேண்டும் என்று எங்கோ ஒரு மேசையில் முடிவாகி, இந்த மண்டபம் வாடகைக்கு எடுக்கப்பட்டு, வாசலில் பலகையும் ஏறிவிட்டது. 'பெருங்கடல் வெப்ப விளைவுகள் கண்காணிப்பு மையம், தாமிரபரணிப் பிரிவு.' பலகையின் நீளத்துக்கு வாசல் போதவில்லை. 'பிரிவு' மட்டும் பக்கத்துச் சைக்கிள் கடைச் சுவரில் இருந்தது.

விழாவுக்குக் கூட்டம் வேண்டும் என்பதால் வாழைத்தார் ஏற்றும் லாரியில் கூலியாட்களை அழைத்து வந்திருந்தார்கள். அவர்களில் முத்துராணியும் ஒருத்தி. மேலக்குளத்துக் கரையடித் தெருக்காரி. வாழைக்கு மண் அணைப்பது, நடவு, களையெடுப்பு என்று கிடைத்த வேலைக்குப் போகிறவள். சோற்றுப் பொட்டலம் உண்டு என்று சொன்னதால் வந்திருந்தாள். கெஞ்சிக் கேட்டால் இரண்டு கிடைக்கும். ஒன்று தனக்கு, ஒன்று வீட்டில் கிடக்கும் புருஷனுக்கு. பிச்சைக்கண்ணு சித்திரை மாதம் தார் ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அதிலிருந்து கட்டிலோடு இருந்தான்.

மேடையில் அண்டாவை வைத்துத் தண்ணீர் ஊற்றி, அதற்குள் வெந்நீர் போடும் மின்கம்பி ஒன்றை இறக்கினார்கள். ஒரு மேசை விசிறி அண்டாவைப் பார்த்துச் சுழன்றது. அது கிழக்குக் காற்று. மேலே நூலில் பஞ்சு மேகங்கள் தொங்கின. தண்ணீர் சூடேற ஏற, சுவிசேஷமுத்து என்கிற எழுத்தர் விசிறியின் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்து கடைசியில் நிறுத்தினார். ஆவி பட்டு நனைந்த மேகங்கள் ஒவ்வொன்றாக அண்டாவுக்குள்ளேயே விழுந்தன. பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ "ஐயோ" என்றார்கள்.

"பார்த்தீர்களா?" என்று ஆரம்பித்தார் இயக்குநர். ஒலிபெருக்கி முன்னால் நின்றால் அவருக்கு வேறு தமிழ் வந்துவிடும். "மேகங்களை எல்லாம் அங்கேயே கொட்டிவிடுகிறது. பசிபிக் எங்கோ இருக்கிறது, நாம் எங்கோ இருக்கிறோம் என்று நினைப்பது அறியாமை. உலகத்துக்குக் கடல் ஒன்று, காற்று ஒன்று. அங்கே தண்ணீர் சூடேறினால் இங்கே காற்று தடுமாறும். காற்று தடுமாறினால் மழை தடுமாறும். மழை தடுமாறலாம், நிர்வாகம் தடுமாறலாமா? அதற்காகத்தான் இந்த மையம். இந்த மையம் உள்ளவரைக்கும் இந்தப் பள்ளத்தாக்கில் வறட்சி இருக்கும் என்று உங்கள் முன்னால் உறுதி கூறுகிறேன்!"

கைதட்டினார்கள். முத்துராணியும் தட்டினாள்.

கூட்டம் கலையும்போது பிரம்மநாயகி டீச்சர் பெண்களிடம் வந்து எளிமையாக விளக்கினாள். பாளையங்கோட்டையில் பூகோளப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவளைக் 'கடல் விளக்க அலுவலர்' என்று இங்கே இழுத்திருந்தார்கள். "கடலுக்குக் காய்ச்சல் வந்திருக்குன்னு வச்சுக்கிடுங்க. அது மூச்சு விடுத விதம் மாறிப் போச்சு. அந்த மூச்சுதான் நமக்குக் காத்து."

முத்துராணிக்குத் தெரிந்த கடல் திருச்செந்தூர்க் கடல் மட்டும்தான். கல்யாணமான புதிதில் பிச்சைக்கண்ணு அவள் கையைப் பிடித்து இடுப்பளவு தண்ணீருக்குள் கூட்டிப்போனான். அந்தக் கடல் அவளைக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. இன்றைக்கு, முகமே தெரியாத இன்னொரு கடலுக்குக் காய்ச்சல் என்றும், அதனால் தன் கூலியும் சோறும் குறையும் என்றும் சொன்னபோது, அவளுக்குப் பயத்தோடு வேறொன்றும் இருந்தது. அவ்வளவு பெரிய ஒன்றின் நல்லது கெட்டதில் தனக்கும் பங்கு இருக்கிறது. இதுவரைக்கும் எந்தப் பெரிய காரியமும் அவளைக் கணக்கில் வைத்ததில்லை. லாரியில் திரும்பும்போது இரண்டு பொட்டலத்தையும் மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கடலுக்குச் சீக்கிரம் சரியாகிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

விழா முடிந்ததும் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்திருந்தால் எல்லாம் அதோடு போயிருக்கும். ஆனால் மறுவாரமே தலைமையகத்திலிருந்து ஓர் ஆய்வு அதிகாரி வந்தார். வந்தவர் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கடல் இப்போது எவ்வளவு இருக்கிறது?" என்று கேட்டார். அண்டாவைப் பார்த்துத்தான் கேட்டாரா, பொதுவாகக் கேட்டாரா என்பது பிற்பாடு யாருக்கும் விளங்கவில்லை. சுவிசேஷமுத்து வேகமாகப் போய் மின்கம்பியைச் சொருகி, வெப்பமானியை அண்டாவுக்குள் விட்டு, எடுத்துப் படித்தார். அதிகாரி எழுதிக்கொண்டு போய்விட்டார்.

சென்னையில் அந்த எண்ணைப் பார்த்துப் பதறிப் போனார்கள். ரசம் நுரை கட்டுகிற சூடு அது. பசிபிக் அந்த நிலைக்குப் போயிருப்பது உலகத்தில் வேறெந்த மையத்துக்கும் தெரிந்திருக்கவில்லை. தாமிரபரணிப் பிரிவுக்குப் பாராட்டு வந்தது. தினமும் காலை பத்து மணிக்குக் கடல் வெப்பத்தைத் தந்தியில் தெரிவிக்க வேண்டும், அது இறங்கும்வரைக்கும் கடும் வறட்சி நடவடிக்கைகள் தொடர வேண்டும் என்று உத்தரவும் வந்தது.

"சார், அது அண்டான்னு ஒரு வார்த்தை சொல்லிருவோமா?" என்று சுவிசேஷமுத்து கேட்டார்.

"பாராட்டு வந்த பொறவா? என்னவே பேசுதீரு. அனுப்புன கடலத் திரும்ப வாங்க முடியுமா?"

நடவடிக்கைகள் தொடர்ந்தன. மாடுகளுக்குத் தீவனப் பஞ்சம் வரும் என்று கரையடித் தெருப் பள்ளிக்கூடம் முழுக்க வைக்கோல் அடைத்துப் பூட்டினார்கள். ஊரில் மேடான கட்டடம் அது ஒன்றுதான். பிறகு மேலக்குளத்து மறுகாலை அடைத்தார்கள். குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து அடுத்த குளத்துக்குப் போகிற இடம் அது. வறட்சிக் காலத்தில் குளத்துத் தண்ணீர் ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்று அங்கே ஆள் உயரத்துக்கு மணல் மூட்டை அடுக்கி, இரண்டு போலீஸ்காரர்களை நிறுத்தினார்கள். அப்போது குளத்தில் தண்ணீரே இல்லை. போலீஸ்காரர்கள் குளத்துக்குள் இறங்கி, நிழலில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டார்கள்.

ஐப்பசி பிறந்த நாலாம் நாள் மழை தொடங்கியது.

முதலில் எல்லாருக்கும் சந்தோஷம்தான். பிறகு அது நிற்கவில்லை. வடக்கே இருந்தும் கிழக்கே இருந்தும் மேகம் வந்து வந்து கொட்டியது. ஆறு செம்மண் நிறத்தில் அணையைத் தாண்டி இறங்கியது. மேலக்குளத்துக்கு வாய்க்கால் வழியாக வந்த தண்ணீர் போக வழியில்லாமல் கரையை முட்டிக்கொண்டு நின்றது. பிச்சைக்கண்ணுவின் தம்பி இசக்கி போய் இரண்டு மூட்டையை உருவினான். 'வறட்சி நீர் திருட்டு' என்று வழக்கு எழுதி ஒரு நாள் முழுக்க ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். அதன்பிறகு யாரும் மூட்டைப் பக்கம் போகவில்லை.

முத்துராணி மையத்துக்குப் போனாள்.

"என்னம்மா வேணும்?" என்றார் சுவிசேஷமுத்து.

"மறுகாலு மூட்டைய எடுக்கணும் சார். எங்க வீடு கரைக்கு நேர் கீழ இருக்கு. கரை கசிய ஆரம்பிச்சிட்டு. வீட்டுல அவுக எந்திரிச்சு ஓட முடியாதவுக. இந்த மழை இப்பிடியே பெஞ்சா..."

"எந்த மழை?"

முத்துராணி திரும்பித் தெருவைப் பார்த்தாள். ஒருவன் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளிப் போனான். சைக்கிள் பாதி தண்ணீருக்குள் இருந்தது.

"இந்தா பெய்யுதே சார்."

"பெய்யுது. நானும் பாக்கத்தான செய்யுதேன். எந்தக் கடல் மழைன்னு கேக்கேன். பசிபிக் சங்கதின்னா இங்கன எழுதிக்கிடலாம். வங்காள விரிகுடா மழைன்னா நமக்குச் சம்பந்தம் கிடையாது. அதுக்கு வேற ஆபீசு."

"அது எங்கன இருக்கு சார்?"

"இன்னும் ஆரம்பிக்கல."

உள்ளேயிருந்து இயக்குநர் கூப்பிட்டார். அவர் கோபக்காரர் இல்லை. உட்காரச் சொல்லி, அவளுக்கும் காபி வரவழைத்து, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"அம்மா, கடல் சூடா இருக்கு. கடல் சூடா இருந்தா மழை வராது. வராத மழைக்காக நான் மூட்டைய எடுத்தேம்னா நாளைக்கு என்னைக் கேள்வி கேப்பாங்கல்லா?"

"நனைஞ்சு போய் வந்திருக்கேனே சார்."

அவர் அவளுடைய சேலையைப் பார்த்தார். அதிலிருந்து சொட்டிய தண்ணீர் நாற்காலிக்குக் கீழே ஒரு சிறு குளமாகத் தேங்கியிருந்தது. அதையும் பார்த்தார்.

"ஈரம் வேறம்மா, மழை வேற."

அன்றைக்கே தினசரி அறிக்கையில் 'கடல் சாரா ஈரம்' என்று ஒரு புதுக் கட்டம் சேர்க்கப்பட்டது.

திரும்பி வரும் வழியில் முத்துராணி கையை நீட்டி நீட்டிப் பார்த்தாள். உள்ளங்கையில் விழுந்தது. குளிர்ந்தது. ஆனாலும் அந்த மனிதர் படித்தவர், காபி கொடுத்தவர், ஒரு வார்த்தை கடுமையாகப் பேசாதவர். அவ்வளவு மரியாதையாகச் சொல்லப்பட்ட ஒன்று எப்படிப் பொய்யாக இருக்கும்? தனக்குத்தான் ஏதோ விளங்கவில்லை என்று தோன்றியது. சின்ன வயதிலிருந்தே எது விளங்காவிட்டாலும் குற்றம் தன் பக்கம் என்று எடுத்துக்கொள்வது அவளுக்குப் பழகிப் போயிருந்தது.

அந்த வாரக் கூட்டத்தில் பிரம்மநாயகி டீச்சர் எழுந்து நின்றாள். "சார், பசிபிக் சூடானா தென்மேற்கு மழைதான் குறையும். ஐப்பசி, கார்த்திகை மழை அந்த வருஷம் நம்ம பக்கம் கூடத்தான் செய்யும். அந்தச் சூடுதான் சார் இந்த மழைக்கும் காரணம். நம்ம மையம் சொல்ல வேண்டியதே அதுதான்..."

"டீச்சர்" என்றார் இயக்குநர், வருத்தத்தோடு. "ஒரே கடல், ஒரே வருஷத்துல, ஒரே ஜில்லாவுக்கு வறட்சியும் கொடுக்கும், வெள்ளமும் கொடுக்கும்னா நிர்வாகம் எப்படி நடக்கும்? நமக்கு அனுமதி வறட்சிக்குத்தான். கடல் கொஞ்சம் கட்டுப்பாடா நடந்துக்கிடணும்."

டீச்சர் உட்கார்ந்தாள். மகள் பாளையங்கோட்டையில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். இந்த நேரத்தில் வேறு எங்காவது தூக்கிப் போட்டுவிட்டால்? தனக்குத் தெரிந்ததைச் சொல்லியாகிவிட்டது என்கிற திருப்தி அவளுக்கு இருந்தது. அந்தத் திருப்தி எவ்வளவு சின்னது என்பதும் அவளுக்குத் தெரியும். கைப்பையைத் திறந்து அதற்குள் எதையோ வெகுநேரம் தேடினாள்.

அடுத்து வந்த காற்றில் மின்கம்பங்கள் சாய்ந்தன. ஊருக்கே மின்சாரம் போயிற்று. பசிபிக் ஆற ஆரம்பித்தது.

மையத்தில் அப்படியொரு பதற்றம் அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை. கடல் ஆறினால் வறட்சி இல்லை. வறட்சி இல்லையென்றால் மையம் இல்லை. ஜெனரேட்டருக்கு எழுதினார்கள். பதில் வருவதற்குள் கடல் சில்லிட்டுவிடும். அப்போது சுவிசேஷமுத்துதான், அண்டா ஏற்கெனவே கோட்டை அடுப்பில் இருந்து பழகியதுதானே என்றார். பசிபிக்கை நாலு பேர் தூக்கிப் பின்கட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பில் ஏற்றினார்கள். விறகு வந்தது. எல்லாம் ஈரம். ஊதி ஊதி இயக்குநரின் கண் சிவந்தது.

முத்துராணி அன்றைக்கும் மூட்டை விஷயமாக வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். புகை வருவதைப் பார்த்து எட்டிப் பார்த்தாள்.

"ஈர விறகு பத்துமாம்மா உனக்கு?" என்று இயக்குநர் கேட்டார்.

"அதெல்லாம் பத்தும் சார். தென்னம்பாளையை அடியில வையுங்க. தள்ளுங்க, நான் வைக்கேன்."

வறட்சி நிவாரண வேலை என்று அவள் பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்த நாட்களில் ஊரில் காய்ந்த சேலை கட்டியிருந்தது முத்துராணி ஒருத்திதான். காலையில் வருவாள், நெருப்பு மூட்டுவாள், அண்டாவுக்குத் தண்ணீர் நிரப்புவாள். பத்து மணிக்குச் சுவிசேஷமுத்து வெப்பமானியோடு வந்து முக்கிப் பார்த்துவிட்டு, "நல்ல சூடு" என்று சொல்லிவிட்டுப் போவார். சோறு பதமாக வந்திருக்கிறது என்று யாரோ சொன்னதுபோல அவளுக்கு முகம் மலரும். இடுப்பு முறிந்த புருஷன், கசிகிற கரை, ஒழுகுகிற கூரை என்று எதுவும் அவள் கைக்கு அடங்காத அந்த ஐப்பசியில், இந்த ஒரு நெருப்பு மட்டும் அவள் சொன்னபடி எரிந்தது. அதன்முன் உட்கார்ந்திருக்கையில் மற்றதெல்லாம் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றது. சில நேரம் கரையின் நினைப்பே வராமல் முழுசாக ஒரு பொழுது போய்விடும். பிறகு சட்டென்று நினைவு வந்து, எழுந்துபோய் வராந்தாவிலிருந்து மழையைப் பார்த்துவிட்டு வருவாள்.

வீட்டில் பிச்சைக்கண்ணு கேட்டான், "என்னட்டி வேலை அங்கன?"

"கடலுக்கு அடுப்பெரிக்கேன்."

அவன் சிரித்தான். விழுந்ததற்குப் பிறகு அவன் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. "பாத்துட்டி, பொங்கிராம. உப்புத் தண்ணி. அடுப்பு அணைஞ்சிரும்."

"போங்க."

"நெசமாத்தான் சொல்லுதேன். ஆபீசுக்குள்ளயே ஒரு ஆளு இருக்குன்னா சும்மாவா? இசக்கிப் பய மூட்டைய உருவப் போயி ஸ்டேஷனுல குத்தவச்சுட்டு வந்தான். நீ பைய எடுத்துச் சொல்லு. ஆர்டரா வாங்கிட்டு வா. ஆர்டர் வந்தா போலீசுக்காரனே மூட்டையத் தூக்குவான்."

மறுநாள் அவள் மெதுவாக எடுத்துச் சொன்னாள். இயக்குநர் பின்கட்டுக்குக் கைகாய வந்திருந்தார்.

"சார், அந்த மறுகாலு மூட்டைய எப்ப எடுப்பிய?"

"கடல் குளிர்ந்ததும் எடுத்திருவோம்மா. மறுநிமிசம் எடுக்கலாம். அப்படித்தான் உத்தரவு."

"எந்தக் கடலு சார்?"

அவர் நெருப்புக்கு நேராகக் கையை நீட்டியபடியே, அண்டாவைத் தாடையால் காட்டினார். "இந்தா, இதுதான்."

சொல்லிவிட்டுக் கையைத் திருப்பிப் புறங்கையிலும் சூடேற்றிக்கொண்டார். அவர் முகத்தில் கேலி இல்லை. மறைப்பு இல்லை. முத்துராணி அந்த முகத்தில் எதையோ தேடினாள். ஒரு கள்ளச் சிரிப்பாவது இருந்திருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் போன பிறகு கையிலிருந்த விறகை அடுப்பில் வைக்கவும் முடியாமல், கீழே போடவும் முடியாமல் உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாள் எரித்தது யார்? இவள்தான். பாளையைக் கீறி வைத்து, பக்குவமாக, பெருமையாக, தன் வீட்டுக்கு மேல் நின்ற தண்ணீரைத் தானே காவல் காத்திருக்கிறாள்.

அடுத்த நாள் விடிந்ததும் வந்தாள். அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. சாம்பலில் மிச்சமிருந்த நெருப்புக் கங்குகளைத் தண்ணீர் தெளித்து அணைத்தாள். கிணற்றிலிருந்து குடம் குடமாக இறைத்து அண்டாவில் ஊற்றினாள். பழைய சூடெல்லாம் விளிம்பில் வழிந்து, சாக்கடை வழியாகத் தெருவில் போய் மழையோடு சேர்ந்தது. கையை விட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது.

பத்து மணிக்குச் சுவிசேஷமுத்து வந்தார். அணைந்த அடுப்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வெப்பமானியை முக்கி எடுத்தார். கர்த்தரை நினைத்துக்கொண்டு, இருந்த எண்ணை அப்படியே எழுதினார்.

இயக்குநருக்கு அவள்மேல் துளியும் சந்தேகம் வரவில்லை. ஒரு கூலிக்காரப் பெண்ணால் பசிபிக் பெருங்கடல் குளிரும் என்று எந்த விஞ்ஞானம் சொல்கிறது? அவர் அண்டாவுக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். மையம் மூடப்படும் என்கிற பயம் அவர் முகத்தில் வந்தது. கொஞ்ச நேரத்தில் வேறொரு வெளிச்சம் வந்தது.

"டீச்சர், நம்ம நடவடிக்கை தொடங்குதப்போ கடல் கொதிச்சுது. இப்ப குளிர்ந்திருக்கு. நடுவுல என்ன நடந்தது? நம்ம மையம் நடந்தது. வேற என்ன?"

உடனே விழா முடிவாயிற்று. அன்று பகல் இரண்டு மணிக்கு, கடலைக் குளிர்வித்த மையத்துக்குப் பாராட்டு. திருநெல்வேலியிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் தலைமை தாங்குவார். மறுகால் மூட்டைகளை அகற்றும் உத்தரவை அவர் கையால் பயனாளி ஒருவருக்கு மேடையில் வழங்குவார். பயனாளியாக முத்துராணி உட்கார வைக்கப்பட்டாள். முன் வரிசையில், சிவப்பு நாற்காலியில்.

"உத்தரவு தயாராயிட்டா டீச்சர்?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

"கையெழுத்தெல்லாம் ஆயிட்டு. அந்தா இருக்கு பாரு."

மேடையில் ஒரு தாம்பாளத்தில், வெற்றிலை பாக்கு, எலுமிச்சம்பழம், மடித்த பொன்னாடை எல்லாவற்றுக்கும் மேலே அது இருந்தது. காற்றில் பறக்காமலிருக்க அதன்மேல் ஒரு ஆப்பிள்.

மணி இரண்டு ஆயிற்று. மூன்று ஆயிற்று. பெரிய அதிகாரி வரவில்லை. வழியில் ரோட்டுக்கு மேலே தண்ணீர் போவதால் கார் அந்தப் பக்கமே நின்றுவிட்டது என்று செய்தி வந்தது.

"எந்தத் தண்ணி?" என்று இயக்குநர் வழக்கப்படி கேட்டுவிட்டு, காத்திருப்போம் என்றார்.

காத்திருக்கும் நேரத்தில் பேச்சு நடந்தது. மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. மின்சாரம் இல்லாததால் ஒலிபெருக்கியும் இல்லை. "இயற்கையைக் கட்டுப்படுத்திய முதல் மையம்" என்பதை மட்டும் அவர் பல தடவை சொன்னார்.

முத்துராணி தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து நாலு எட்டு வைத்தால் எடுத்துவிடலாம். ஓடினால் நிமிஷத்தில் தெருமுனை. அங்கிருந்து ஏதாவது வண்டி. ஆனால் அவளாக எடுத்தால் அது உத்தரவா? போலீஸ்காரர் கேட்பார், யார் கொடுத்தது என்று. கொடுத்தால்தான் உத்தரவு. எடுத்தால் தாள். அவளுடைய கைகள் மடியில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. எழுந்திரு, எழுந்திரு என்று உள்ளே ஒருத்தி சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்த ஒருத்தியின் பேச்சை முத்துராணி ஒருநாளும் கேட்டதில்லை. பக்கத்து நாற்காலியில் டீச்சரும் தாம்பாளத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இசக்கி வந்தபோது அவன் இடுப்புவரைக்கும் சேறு. வாசலில் நின்று, அத்தனை பேரையும் பார்த்தான்.

"கரை போயிட்டு மதினி."

அவள் எழுந்தாள். கையெழுத்துப் போட்ட தாள் ஆப்பிளுக்கு அடியில் படபடத்தது.

"அவுக?"

"தெருவுல எல்லாரும் வெளிய வந்துட்டாக. அண்ணனத் தூக்கத்தான் நானும் இன்னும் ரெண்டு பேரும் போனோம். வரமாட்டேன்னுட்டான். 'அவ ஆர்டர் வாங்கப் போயிருக்கா, வந்திருவாலே, கட்டிலோட தூக்கிட்டு அலையாதிய, பிள்ளையளப் பாருங்க'ன்னான். பிள்ளையள பள்ளிக்கூடத்துல ஏத்தலாம்னா உள்ள வைக்கோலு. பூட்டு. பூட்ட உடச்சு வைக்கோல அள்ளிப் போட்டுட்டுத் திரும்புததுக்குள்ள..."

இயக்குநர் மேடையிலிருந்து, யார் இவர், பயனாளியா என்று கேட்டார்.

பிச்சைக்கண்ணுவை மூன்றாம் நாள் இரண்டு ஊர் தள்ளி ஒரு வாழைத் தோட்டத்தில் கண்டெடுத்தார்கள். கட்டிலின் கயிறு காலில் சுற்றியிருந்தது.

மழை விட்டு, வெயில் வந்து, மின்சாரமும் வந்துவிட்டது. அண்டாவுக்குள் கம்பி மறுபடியும் இறங்கியது. மையத்து ஜீப் மேலக்குளத்துக்கு வந்தது. உடைந்த கரையின் ஓரத்தில் நின்று இயக்குநர் குளத்தைப் பார்த்தார். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரைக்கும் வெறும் சேறு. வெயிலில் ஓரங்கள் வெடிக்க ஆரம்பித்திருந்தன. அவர் கண்கலங்கினார். போலியாக இல்லை.

"சொட்டுத் தண்ணீர் இல்லை" என்றார், கூட வந்த பத்திரிகைக்காரர்களிடம். "கார்த்திகை மாதத்தில் குளம் வறண்டு கிடக்கிறது. ஆடி மாதமே நாங்கள் சொன்னோம். அப்போது சிரித்தவர்கள் இப்போது வந்து பார்க்கட்டும்."

படம் எடுத்தார்கள். கிணறுகளில் சேறு ஏறிவிட்டதால் குடிதண்ணீர் லாரி வந்தது. முத்துராணி குடம் கடன் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றாள். லாரியின் நெற்றியில் 'வறட்சி நிவாரணம்' என்று எழுதியிருந்தது. எழுதியதில் தப்பு கண்டுபிடிக்க அவளால் முடியவில்லை. தண்ணீர் இருக்காது என்று சொன்னார்கள். இல்லை.

பள்ளிக்கூடத்து வராந்தாவில் மேசை போட்டு, சுவிசேஷமுத்து இறந்தவர்களின் விவரம் எழுதிக்கொண்டிருந்தார். அதில் பெயர் ஏறினால்தான் மேட்டுப் புறம்போக்கில் குடிசை போட ஓர் இடம். அவர் முகத்தில் நாலு நாள் தாடி. முத்துராணியைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்து, மறுபடியும் எடுத்தார்.

"வெள்ளத்துல செத்தான்னு எழுதும்" என்றான் இசக்கி.

"வெள்ளம்னு இதுல இல்லப்பா. வறட்சிதான் நடப்புல இருக்கு. வெயில், இல்லன்னா தாகம். ரெண்டுல ஒண்ணுதான் எழுத முடியும்."

"தண்ணியில முங்கிச் செத்தவனத் தாகத்துல செத்தான்னு எழுதுவீரோ? உம்ம கை விளங்குமா வே?"

"விளங்காது" என்றார் சுவிசேஷமுத்து. "விளங்காதுன்னு தெரியும். ஆனா எழுதலன்னா உன் மதினிக்கு இடம் கிடையாது. என்ன செய்யச் சொல்லுத?"

இசக்கி மேசையைக் குத்திவிட்டுப் படியில் இறங்கிப் போய், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றான்.

சுவிசேஷமுத்து அவளிடம் குனிந்தார். குரலைத் தணித்துக்கொண்டார். "அம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். கடைசியா அவுக தண்ணி கேட்டாவளா?"

முத்துராணி யோசித்தாள். அன்றைக்கு விடியலில் அவள் கிளம்பும்போது அவன் தண்ணீர் கேட்டான். செம்பில் மொண்டு, கழுத்தைத் தாங்கிப் பிடித்துக் குடிக்க வைத்தாள். பாதி கழுத்தில் வழிந்தது. முந்தானையால் துடைத்தாள். இன்னும் வேணுமா என்று கேட்டாள். போதும்ட்டி, நீ போ, நேரமாச்சு என்றான்.

வெளியே லாரியிலிருந்து குடங்களில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"கேட்டாவ" என்றாள்.